இருபது சந்தேஷ் பேய்கள்

ரயில்வேயில் 36 வருடம் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். புருலியா மாவட்டத்துப் பேகுன்கோடர் ஸ்டேஷன் 1967-இல் மூடப்பட்டு 2009-இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. மூடியதற்குப் பேய் பயமே காரணம் என்று சொல்வார்கள். அந்த வழியாக நானும் ராத்திரியில் போயிருக்கிறேன். பனிமூட்டத்தைப் பார்த்தேனே தவிர, ஊரார் சொல்லும் வெள்ளைச் சேலைக்காரியைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் ரிடையராகி, சமையலறையில் உட்கார்ந்து பேய் செய்தேன். ஒன்றல்ல, 20.

2024-ஆம் ஆண்டு தீபாவளி நினைவிருக்கிறதா? அக்டோபர் 31, வியாழக்கிழமை. நமக்குத் தீபாவளி, கல்கத்தாவில் காளி பூஜை, ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஹாலோவீன், மூன்றும் ஒரே நாளில். முந்தைய நாள் மாலை வங்காளிகளுக்குப் பூத் சதுர்த்தசி. நாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே சதுர்த்தசி திதிதான். அவர்கள் அன்று 14 வகைக் கீரையைச் சேர்த்துச் சமைப்பார்கள். வேப்பிலை, கடுகுக் கீரை, ஆரைக்கீரை எல்லாம் கலந்து கடையிலேயே நறுக்கிக் கொடுப்பார்கள். மாலையில் வீட்டு மூலைகளில் 14 விளக்கு ஏற்றுவார்கள்.

எங்கள் ஃப்ளாட்டில் பிள்ளைகள் ஹாலோவீனையும் பூத் சதுர்த்தசியையும் ஒன்றாக்கி 30-ஆம் தேதி மாலை மொட்டை மாடியில் விழா வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பேய்த் தின்பண்டம், வீட்டிலேயே செய்தது வேண்டுமாம்.

என் பேத்திக்கு எட்டு வயது. அவள் வந்து கேட்டபோது மருமகள் முகம் வாடிவிட்டது. என் மனைவி காலமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வருடம் திரும்பாத வீட்டில் பலகாரச் சட்டி வைப்பதில்லை என்பது நம் வழக்கம். "எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம்; பால் இனிப்பாகச் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்போம்" என்று நான்தான் சொன்னேன். மருமகள் ஆபீஸுக்குப் போக வேண்டியவள். ஆகவே பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

செய்முறை கேட்க எதிர் ஃப்ளாட் பௌதியிடம் போனேன். அவர் சொன்னதை அளவோடு எழுதுகிறேன்.

கொழுப்பு எடுக்காத பசும்பால் 2 லிட்டர். பொங்கியதும் இறக்கி, மூன்று நிமிடம் பொறுத்து, இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து சிறிது சிறிதாக விட்டுக் கிளறவும். பால் திரிந்து நீர் பச்சையாகத் தெளிந்ததும் சாறு விடுவதை நிறுத்தி, ஒரு டம்ளர் குளிர்ந்த நீர் ஊற்றவும். மெல்லிய துணியில் வடிகட்டி, புளிப்புப் போக அலசி, முக்கால் மணி நேரம் தொங்கவிட்டால் சுமார் 350 கிராம் சானா கிடைக்கும். அதை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பத்து நிமிடம் தேய்த்துப் பிசைய வேண்டும். கையில் நெய்ப்பசை தெரிவதுதான் பதம். 100 கிராம் பொடித்த சர்க்கரை, கொஞ்சம் ஏலப்பொடி சேர்த்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் ஆறேழு நிமிடம் கிளறி, சுருண்டு வரும்போதே இறக்கிவிடவும். சூடு ஆறுவதற்குள் உருவம் பிடிக்க வேண்டும்.

முதல் ஈடு எனக்குக் கெட்டுப்போனது. இன்னும் இறுகட்டும் என்று அடுப்பிலேயே வைத்திருந்தேன். தண்ணீர் போதாத காங்கிரீட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. டிப்ளமோவில் படித்த பாடம் அடுப்படியில் மறந்துவிட்டது! எந்தப் பேய்க்கும் தலை நிற்கவில்லை. பேத்தி அவற்றுக்கு ஸ்கந்தகாட்டா என்று பெயர் வைத்தாள். வங்காளத்தில் அது தலையில்லாத பேய். ரயிலில் அடிபட்டுத் தலை போனவர்கள் அப்படி அலைவார்கள் என்பது கதை. ரயில்வேக்காரன் வீட்டுக்குப் பொருத்தந்தான்.

மறுபடி பால் வாங்கிவந்தேன். இரண்டாம் ஈடு சரியாக வந்தது. உருண்டை பிடித்து எப்படிப் பேயாக்குவது என்று நான் யோசிப்பதற்குள், பேத்தி ஒன்றைக் கையில் எடுத்தாள். கட்டை விரலை நடுவில் வைத்துச் சுழற்றி ஓரத்தை மெலிதாக்கிக் கவிழ்த்தாள். உச்சியைக் கிள்ளி இழுத்தாள். போர்வை போர்த்த பேய் தயார். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்கிற அதே கைவாகு.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"பாட்டிதான். போன வருஷப் பிள்ளையார் சதுர்த்திக்கு."

கண்ணுக்கு மிளகு வைக்கலாம் என்றேன். "குட்டிப் பாப்பாக்கள் கடிச்சா காரும் தாத்தா" என்று அவளே அலமாரியைத் துழாவி, கறுப்பு எள் டப்பாவை எடுத்துவந்தாள். எனக்குக் கை ஓடவில்லை. அமாவாசைதோறும் என் மகன் அவன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அதே டப்பா. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஒரு பேய்க்கு இரண்டு எள் வீதம் அவள் வைத்துக்கொண்டே போனாள். பாதியில் நிமிராமலே கேட்டாள்:

"தாத்தா, பாட்டியும் பேயா வருவாங்களா?"

தண்டவாளத்தில் விரிசல் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. வாணலியைத் தேய்க்கப் போய்விட்டேன்.

மாலையில் பௌதி 14 விளக்கு வைக்கும்போது பேத்தி அவரிடமும் அதையே கேட்டாள். பௌதி சிரிக்கவில்லை. "இந்த விளக்கு 14 தலைமுறைப் பெரியவர்களுக்கு. நம்மைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டில் தடுமாறக் கூடாதே. நம்முடையவர்களைக் கண்டு நமக்கென்ன பயம்?" என்றார். பேத்தி ஒரு விளக்கை வாங்கிவந்து எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சந்தேஷ் பேய்.

மாடியில் மற்ற 19-ம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தன. சத்யஜித் ரேயின் 1969 படமான 'கூப்பி காயேன் பாகா பாயேன்' பார்த்தவர்களுக்குத் தெரியும்: பேய் ராஜா கொடுத்த வரத்தால் வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்க, படைவீரர்கள் சண்டையை விட்டுவிட்டு ஓடுவார்கள். எங்கள் மாடியிலும் அதே காட்சிதான்.

மறுநாள் தீபாவளி. எங்களுக்குப் புதுத்துணி இல்லை, வெடி இல்லை. விடிந்து பார்த்தபோது ஜன்னலில் விளக்கு அணைந்திருந்தது. காக்கை ஒன்று சந்தேஷைக் கொத்திக்கொண்டிருந்தது. தினமும் வருகிற காக்கைதான். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாட்டிக்குச் சக்கரை சரியா இருக்கா?" என்று கேட்டாள். "சரியாகத்தான் இருக்கும்" என்றேன்.

இப்போது வருடம் திரும்பிவிட்டது. எண்ணெய்ச் சட்டிக்கும் தடையில்லை. ஆனாலும் பூத் சதுர்த்தசிக்கு 2 லிட்டர் பால் எங்கள் வீட்டில் நிச்சயம். அன்பர்கள் நீங்களும் செய்து பாருங்கள். அடுப்பை மட்டும் சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.