பிரெஞ்சு கிராமங்களைப் பார்க்க எத்தனை நாள்கள்?

ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டமிடும் நம்மவர்களில் பலருக்கு பிரான்ஸ் என்றால் பாரிஸ்தான். ஈஃபெல் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், சேன் நதியில் ஒரு படகுச் சவாரி. மூன்றாம் நாள் சுவிட்சர்லாந்துக்குப் புறப்பாடு. அண்மைக் காலமாக, அந்நாட்டின் கிராமப்புறத்தையும் பார்த்துவர வேண்டும் என்ற ஆர்வம் பெருகி வருகிறது. வரவேற்கத்தக்க ஆர்வம்தான். ஆனால், பாரிஸைப் பார்த்த அதே வேகத்தில் கிராமங்களையும் பார்த்து முடித்துவிட எண்ணுகிறார்கள். 'நான்கு நாள்களில் பன்னிரண்டு கிராமங்கள்' என்ற வகையிலான திட்டங்களை உறவினர்களும் முன்னாள் மாணவர்களும் என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. பன்னிரண்டில் எட்டை அடித்துவிடுங்கள். நாள்களில் இரண்டைக் கூட்டுங்கள் என்பதே என் வழக்கமான பதில்.

'இறுதிநிலைப் பயன்பாடு குறைந்து செல்லும் விதி' என்று பொருளாதார மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தருகிறோம். முதல் மாம்பழம் தரும் நிறைவை நான்காவது மாம்பழம் தருவதில்லை. ஒரே நாளில் பார்க்கும் கிராமங்களுக்கும் இந்த விதி பொருந்தும். கற்சுவர், ஓட்டுக்கூரை, தேவாலயம், குறுகலான சந்து என்று எல்லாம் மாலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊர் திரும்பிய பின் புகைப்படத்தைப் பார்த்து, இது எந்த ஊர் என்று வாக்குவாதம் செய்ய வேண்டியதுதான்.

பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. நம் ஊராட்சியைப் போன்ற அடிப்படை நிர்வாக அலகு அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரும் ஓர் அலுவலகமும் உண்டு. இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மக்கள்தொகை 500-ஐக்கூட எட்டுவதில்லை. எனவே, 'கிராமங்களைப் பார்ப்பது' என்பது முடிவற்ற வேலை. ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே அறிவுடைமை. அல்சாஸின் திராட்சைத் தோட்டங்கள், புரோவான்ஸின் லூபெரோன் மலைச்சாரல், பர்கண்டி எல்லாம் தகுதியானவையே. நான் ஓரளவு அறிந்த தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

தென்மேற்கு பிரான்ஸில், போர்தோ நகருக்குக் கிழக்கே, சர்லா என்ற சிறு நகரைச் சுற்றியுள்ள பகுதி அது. செங்குத்துப் பாறையின் அடியில் ஆற்றை ஒட்டி நிற்கும் லா ரோக் கஜாக், பாறையுச்சியில் கோட்டையைச் சுமக்கும் பெய்னாக், எதிர்க்கரையில் கஸ்தெல்னோ, குன்றின் மீது 1281-இல் திட்டமிட்டுக் கட்டப்பட்ட மதில் சூழ் ஊரான தோம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நூறாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சுத் தரப்பிலும், பலமுறை கைமாறிய கஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கமும் நின்றன. இரண்டு கோட்டைகளும் இன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன.

இந்த ஊர்கள் இவ்வளவு அழகாக எப்படி எஞ்சின என்ற கேள்வி பயணத் திட்டத்துக்குத் தொடர்பில்லாததுபோலத் தோன்றலாம். உண்மையில் திட்டம் முழுவதும் அதன் விடையில்தான் அடங்கியிருக்கிறது. இவற்றைக் காத்தது செல்வமன்று, வறுமை. மரமும் திராட்சை மதுவும் ஏற்றிச் சென்ற 'கபார்' என்ற தட்டையடிப் படகுகளால் ஒரு காலத்தில் இந்த ஆறு பரபரப்பாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. ஆற்று வணிகம் மடிந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்தது. இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றார்கள். எஞ்சியவர்களில் பலரை முதல் உலகப் போர் கொண்டுசென்றது. எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் அங்குள்ள போர் நினைவுத்தூணில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்த தோர்தோன் மாவட்டத்தின் மக்கள்தொகை, இன்று நான்கு லட்சத்துச் சொச்சம்தான். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் வீடுகள் தப்பின.

பின்னர் சட்டம் துணைக்கு வந்தது. எழுத்தாளரும் பண்பாட்டு அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், தனித்தனிக் கட்டடங்களை மட்டுமன்றி, பழைய நகர்ப்பகுதிகளை முழுமையாகப் பாதுகாக்க வழிசெய்தது. அதனால் முதலில் பயன்பெற்ற நகரங்களில் சர்லாவும் ஒன்று. 1982-இல் கொலோஞ் லா ரூஜ் என்ற செந்நிறக் கல் கிராமத்தின் மேயரான ஷார்ல் செய்ராக், 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர மக்கள்தொகை 2,000-க்கு மேல் இருக்கக் கூடாது; பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும்; கிராம மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். இன்று சுமார் 180 கிராமங்கள் அதில் உள்ளன. நான் மேலே சொன்ன நான்கும் அப்பட்டியலில் இடம்பெற்றவை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக 'டிக்' செய்து செல்வது நம்மவர் மட்டுமன்றி பிரெஞ்சுக்காரர்களும் செய்வதுதான்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெய்னாக்கின் ஒரே சாலை பாறைக்கும் ஆற்றுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும். நெரிசலைத் தவிர்க்க, ஆற்றை இருமுறை கடந்து செல்லும் சுமார் மூன்று கிலோமீட்டர் புறவழிச்சாலையை மாவட்ட நிர்வாகம் கட்டத் தொடங்கியது. பாலத் தூண்கள் ஆற்றில் எழுந்துவிட்ட நிலையில், 2018-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நிர்வாக நீதிமன்றம் பணியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அனுமதியே ரத்தாகி, கட்டியதை அகற்றவும் உத்தரவானது. சாலை வேண்டும் என்போருக்கும், காட்சியைக் கெடுக்காதே என்போருக்கும் இடையே அப்பகுதி இரண்டாகப் பிளந்தது. ஆண்டில் எட்டு வாரங்கள் மட்டுமே நீடிக்கும் நெரிசலுக்காக இவ்வளவும்! புறச்செலவு என்று நாங்கள் வகுப்பில் விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. நெரிசலை உண்டாக்குபவர் அதற்கான விலையைத் தருவதில்லை.

ஒரு மணி நேரம் வந்து செல்லும் பயணியால் ஊருக்குக் கிடைப்பது வாகன நிறுத்தக் கட்டணமும் ஐஸ்கிரீம் விலையும்தான். தங்குபவரின் கணக்கு வேறு. அவர் காலையில் ரொட்டி வாங்குகிறார். சந்தையில் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்குகிறார். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தங்கல் வரியும் செலுத்துகிறார். 1910-இல் சட்டமாகி இன்றும் நடைமுறையில் உள்ள இந்த வரி உள்ளாட்சிக்கே சேர்கிறது. ரொட்டிக்கடை மூடப்பட்ட ஊர்களில் நாணயம் போட்டால் ரொட்டி தரும் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தைப் பார்க்கும்போது, எஞ்சியிருக்கும் கடைகளுக்குத் தங்கும் பயணி எவ்வளவு வேண்டியவர் என்பது விளங்கும்.

ஆகவே, திட்டத்தின் முதல் முடிவு, ஒரே ஊரில் ஆறு இரவுகள் என்பதாக இருக்கட்டும். அந்த ஊர் பட்டியலில் உள்ள மிக அழகிய கிராமமாக இருக்க வேண்டியதில்லை. ரொட்டிக்கடை உண்டா, மருந்துக்கடை உண்டா, பள்ளிக்கூடம் இயங்குகிறதா என்று பாருங்கள்; மூன்றும் இருந்தால் அது வாழும் ஊர். தங்குமிடம் இருவகைப்படும். 'ஜீத்' என்பது சமையலறையுடன் கூடிய முழு வீடு. கோடை உச்சத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரத்துக்கே தருவார்கள். 'ஷாம்பர் தோத்' என்பது வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே காலை உணவுடன் தரும் அறை. சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பேச்சுத்துணை விரும்புவோருக்கு இரண்டாவது ஏற்றது. சைவ உணவினருக்கு முதலாவதைத்தான் சொல்வேன். இது வாத்து இறைச்சியின் தேசம். உணவக அட்டையில் சைவத்துக்கு அதிக இடமில்லை. ஆனால் சந்தையில் வால்நட், காளான், ஸ்ட்ராபெரி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, காய்கறி எல்லாம் கிடைக்கும்; அடுப்பு ஒன்று இருந்தால் போதும். பருப்பும் மிளகாய்ப்பொடியும் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, கிழமை. எந்தக் கிராமத்தை எப்போது பார்ப்பது என்பதைச் சந்தை நாளே தீர்மானிக்கட்டும். சர்லாவில் புதனும் சனியும், தோமில் வியாழன், சற்று மேற்கே உள்ள சேன் சிப்ரியேனில் ஞாயிறு. சந்தைகள் காலையில்தான் களைகட்டும். பெரும்பாலானவை மதியத்துக்குள் கலைந்துவிடும். திங்கள்கிழமை பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். செவ்வாய் மாலை வந்து சேர்ந்து திங்கள் காலை புறப்பட்டால் ஆறு இரவுகளில் நான்கு சந்தைகளும் கிடைக்கும், வெறிச்சோடிய திங்களும் பயணத்திலேயே கழிந்துவிடும்.

மூன்றாவது, கடிகாரம். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை நாடே சாப்பிடுகிறது. இரண்டு மணிக்குமேல் கிராம உணவகத்தில் நுழைந்தால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள், கெஞ்சிப் பயனில்லை. வார நாள்களில் மதிய உணவுக்கென்று நிர்ணய விலையில் இரண்டு மூன்று பரிமாற்றங்கள் கொண்ட சாப்பாடு உண்டு. இரவு உணவைவிட மலிவு. குடிநீர்க் குடுவையும் ரொட்டியும் அதற்குள் அடக்கம். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சொல்லாமல் விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள்.

பருவத்தைப் பொருத்தவரை ஜூன் அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதே முக்கால் வரையிலும் வெளிச்சம் இருக்கும். மே மாதம் இனியதே. எனினும் 1, 8 தேதிகளும் இயேசு விண்ணேற்ற நாளும் பொது விடுமுறை. நவம்பருக்குப் பின் பாதி ஊர் பூட்டிக்கிடக்கும்.

போக்குவரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 2017-இல் புதிய பாதை திறந்ததால் வந்த பயன். அங்கிருந்து சர்லாவுக்கு வட்டார ரயில் உண்டு. சர்லாவே அதன் கடைசி நிலையம். அதன்பின் கார் தேவை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுச் செல்ல வேண்டும். சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதைவிட, அறிவிப்பு இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பதை மனத்தில் பதிக்க வேண்டும். கார் ஓட்ட விரும்பாதவர்கள் சர்லாவிலேயே தங்கி மிதிவண்டி எடுக்கலாம்; கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை ஒன்றை நகருக்கு அருகிலிருந்து ஆற்றங்கரை வரை மிதிவண்டிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். ஆற்று வணிகத்தைக் கொன்ற ரயிலும் போய்விட்டது. லா ரோக் கஜாக்கில் கபார் படகுகள் இப்போது பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். முன்பதிவு வேண்டிய இன்னொன்று லாஸ்கோ. 1940-இல் கண்டறியப்பட்ட அந்தத் தொல்பழங்கால ஓவியக் குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963-இல் மூடப்பட்டது. 2016-இல் மொந்தினியாக்கில் திறக்கப்பட்ட முழு அளவு நகலைத்தான் இன்று காண முடியும். நகல் என்று ஒதுக்க வேண்டாம். அரை நாள் கொடுக்கத் தகுதியானது.

மற்ற பிற்பகல்களைக் காலியாக விடுங்கள். கிராமங்களுக்கு இடையே வால்நட் தோப்புகள் வழியாக நடைபாதைகள் உள்ளன. மரத்திலும் கல்லிலும் மஞ்சள் கோடு தீட்டியிருந்தால் அது உள்ளூர்ப் பாதை. வெள்ளையும் சிவப்பும் என்றால் நெடும்பாதை. பெருக்கல் குறி இருந்தால் வழி தவறிவிட்டோம் என்று பொருள். வரைபடம் சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். சிறிய ஊர்களில் அதுவும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்காக மூடப்படும்.