பாலாற்று எல்லையும் அமெரிக்கப் போரும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன்னர், பாலாறு என்னும் சிற்றாறு குறுக்கிடுகிறது. காடுகளினூடே வந்து காவிரியில் கலக்கும் ஆறு இது. வேலூர்ப் பக்கம் ஓடும் பெரிய பாலாறு வேறு. பாலத்துக்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் கர்நாடகம். சாவடியைக் கடந்ததும் வழிகாட்டிப் பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. மலைக்கு ஏறும் அடியார் கூட்டத்தில் மட்டும் தமிழும் கன்னடமும் கலந்தே ஒலிக்கின்றன.

இவ்வெல்லை பழமையானதன்று. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் மலையும் கொள்ளேகால் வட்டமும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆற்றின் இரு கரைகளும் சென்னை இராச்சியமே. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் மைசூரோடு இணைந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் நிலைமை தலைகீழாகிறது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் காலத்தில் சேலம், கோயம்புத்தூர், பாராமகால் ஆகிய சீமைகளெல்லாம் மைசூர் அரசுக்கு உட்பட்டவை. அப்போதும் பாலாற்றின் இரு கரைகளுக்கும் அரசு ஒன்றே. அதன் தலைநகர் சீரங்கப்பட்டணம்.

அச்சீமைகள் மைசூரின் கையைவிட்டு எவ்வாறு போயின என்று கேட்டால், 1792, 1799 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளை வரலாற்று நூல்கள் காட்டும். ஆனால் கதையின் முடிச்சு அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே விழுந்துவிட்டது என்பது நம் கருத்து. அம்முடிச்சின் ஒரு முனை கடலூரில் இருக்கிறது. மறுமுனை அமெரிக்காவில் இருக்கிறது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் 1776-இல் விடுதலை முழக்கம் செய்தன. 1778-இல் பிரெஞ்சு அரசு அவற்றோடு கூட்டுச் சேர்ந்தது. அன்றுமுதல் அந்தப் போர் அமெரிக்காவோடு நிற்கவில்லை. அவ்வாண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு மாகியையும் பிடித்தனர். மாகித் துறையின் வழியாகவே பிரெஞ்சுப் படைக்கலங்கள் ஹைதருக்கு வந்துகொண்டிருந்தன. சினங்கொண்ட ஹைதர் 1780-இல் கணவாய்களின் வழியே கருநாடகச் சீமையில் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. சில கல் தொலைவில் காஞ்சியில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

அன்றே ஹைதர் சென்னையை நோக்கிச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பலரும் கேட்பதுண்டு. இவ்வகைக் கேள்விகளில் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் இன்று வீட்டில் அமர்ந்து எண்ணிப் பார்க்கும் வழிகளெல்லாம் அன்றிருந்தோர்க்குத் திறந்திருந்தவை அல்ல. அன்று வாழ்ந்தவரே இரு வழிகளையும் கண்முன் வைத்துத் தயங்கிய தருணங்களை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் 'இப்படி நடந்திருந்தால்' என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. மற்றவை வீண் கற்பனை. சென்னைக் கோட்டையைத் தாக்குவதைவிட ஆர்க்காட்டைப் பிடிப்பதே ஹைதருக்கு முதன்மையாகப் பட்டது, பிடித்தும்விட்டார். ஆகவே அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான தருணம் 1781 பிப்ரவரியில் வந்தது. வங்காளத்திலிருந்து வந்து தலைமையேற்ற சர் அயர் கூட், சென்னைப் படையை நடத்திக்கொண்டு கடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். ஹைதர் அவருக்கும் சென்னைக்கும் நடுவே புகுந்து, சுற்றுப்புறத்துத் தானியங்களை அழித்துவிட்டார். கூட்டின் படைக்கு அரிசி கடல் வழியே வந்தாலன்றி வேறு வழியில்லை. ஆங்கிலக் கப்பற்படையோ அப்போது மேற்குக் கரையில் இருந்தது. அவ்வேளையில் தோர்வ் என்னும் தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையில் தோன்றின. கரையில் ஹைதர், கடலில் பிரெஞ்சுக்காரர், நடுவில் பட்டினியோடு ஆங்கிலப் படை. சில வாரங்கள் நிற்கும்படி ஹைதர் தோர்வை வேண்டினார். தோர்வ் நிற்கவில்லை. கப்பல்களில் தண்ணீரும் உணவும் குறைவு, கரையில் இறக்கத் துருப்புகள் இல்லை, ஆங்கிலக் கப்பல்கள் வந்துவிடலாம் என்பவை அவர் சொன்ன காரணங்கள். அவை பொய்யல்ல. எனினும் பிப்ரவரி நடுவில் அவர் மொரீசியசுக்குப் பாய் விரித்துச் சென்றார். அதன்பின் சென்னையிலிருந்து அரிசிக் கப்பல்கள் தடையின்றிக் கடலூர் வந்தன. ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரைத் தோற்கடித்தார்.

அதே 1781-இல், ஏழு மாதங்கள் கழித்து, அமெரிக்கக் கரையில் இதே காட்சி மறுமுறை அரங்கேறியது. ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் யார்க்டவுன் என்னும் துறைமுக ஊரில் தங்கியிருந்தார். நிலத்தில் வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும் அவரைச் சூழ்ந்தனர். கடலை அடைத்து நின்றது தெ கிராஸ் என்பவரின் பிரெஞ்சுக் கப்பற்படை. ஆங்கிலக் கப்பல்களுக்கு உதவி வருகிறது என்று கேள்வியுற்ற தெ கிராசும் செப்டம்பர் இறுதியில் விரிகுடாவை விட்டு வெளியேற எண்ணினார். வாஷிங்டன் கலங்கிப்போய், நிற்கும்படி எழுதி வேண்டினார். தெ கிராஸ் நின்றார். அக்டோபர் 19-ஆம் நாள் காரன்வாலிசின் படை, ஏழாயிரத்துக்கு மேற்பட்டது, சரணடைந்தது. உடல்நலமில்லை என்று சொல்லி அவர் அந்நிகழ்ச்சிக்கு வராமல், வாளைத் தம் துணைத் தளபதியின் கையில் கொடுத்தனுப்பினார்.

ஹைதர் கேட்டதையே வாஷிங்டனும் கேட்டார். ஒரு தளபதி போனார், மற்றவர் நின்றார். அமெரிக்காவுக்கு அது விடுதலையாயிற்று. கடலூரில் தோர்வ் நின்றிருந்தால் கூட்டின் படை பசியால் பணிந்திருக்கக் கூடும். சென்னையிடம் அதைவிட்டால் வேறு பெரும்படை இல்லை. அதனால் ஆங்கிலேயர் இந்தியாவை விட்டே கப்பலேறியிருப்பர் என்று சொல்லமாட்டோம். வங்காளத்தின் வருவாய் அவர்கள் கையில் இருந்தது. தரை வழியே இன்னொரு படையும் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. ஆனால் பின்னர் எழுதப்பட்ட உடன்படிக்கை வேறாக இருந்திருக்கும். ஆர்க்காடு வரையில் மைசூரின் கொடி நிலைத்திருக்கலாம்.

இவ்விரு போர்களின் உறவை அன்றைய அமெரிக்கர் அறிந்தே இருந்தனர். 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் தன்னிலும் வலிய ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடித்த பென்சில்வேனியாப் போர்க்கப்பலின் பெயரே 'ஹைதர் அலி'. அப்பெயருக்கு உரியவர் அவ்வாண்டு டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் காலமானார்.

கடலூருக்கு இரண்டாவது வாய்ப்பும் வந்தது. 1783 ஜூனில் அங்கே பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். ஜூன் 20-ஆம் நாள் சுஃப்ரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்தளபதி ஆங்கிலக் கப்பல்களோடு பொருதார். அவை சென்னைக்குத் திரும்பிவிட்டன. இம்முறை முற்றுகையிட்டவர்களே அகப்பட்டுக்கொள்ளும் நிலை. அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி கப்பலில் வந்தது. சமாதானம் சனவரியிலேயே ஏற்பட்டுவிட்டது. செய்திதான் ஐந்து மாதம் கழித்துச் சேர்ந்தது. இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க விடுதலையை ஒட்டி எழுந்த உலகப் போரின் கடைசிப் பெருஞ்சமர் நம் கடலூருக்கு எதிரே நிகழ்ந்தது என்பதைப் பள்ளிப் பாடங்கள் ஏனோ சொல்வதில்லை.

யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ் 1786-இல் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்து, மே மாதம் சீரங்கப்பட்டணத்தை எட்டினார். இங்கே இன்னொரு தருணம். வண்டி மாடுகள் நோயால் மாண்டன, உணவு தீர்ந்தது, மழையும் தொடங்கிவிட்டது. முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப்போட்டுவிட்டு அவர் பின்வாங்கினார். யார்க்டவுன் மீண்டும் வந்ததுபோலவே இருந்திருக்கும். ஆனால் திரும்பும் வழியில் மராட்டியப் படை எதிர்ப்பட்டது. அது அருகில் வந்திருப்பதை அவர் அறியாதபடி திப்புவின் குதிரைப்படை தூதுகளையெல்லாம் தடுத்து வைத்திருந்தது. மராட்டியர் பாசறைக் கடைவீதியில் விலை கடுமைதான். எனினும் தானியம் கிடைத்தது, படை பிழைத்தது. 1792 பிப்ரவரியில் அவர் மறுபடியும் வந்தார். திப்பு தம் நாட்டில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், பிணையாகத் தம் புதல்வர் இருவரையும் கொடுக்க நேர்ந்தது. சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியின் வசமாயின. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூரும், அதனோடு கொள்ளேகாலும் சென்றன.

இச்சீமைகள் மைசூரிலேயே இருந்திருந்தால் பாலாற்றில் இன்று எல்லை இல்லாதிருக்குமா? 1956-இல் மொழி வழியே கோடு கிழிக்கப்பட்டபோது ஏறத்தாழ இங்கேயே ஏதோவொரு கோடு விழுந்திருக்கும். மக்கள் பேசும் மொழியைக் கும்பினி உண்டாக்கவில்லை. மாறியிருக்கக் கூடியது வேறொன்று. அது இதைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கு நேரடியாக உரியது. மைசூர் வீழ்ந்ததனால்தான் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தில் தங்கியது; அங்கிருந்து 1809-இல் பெங்களூருக்குப் பெயர்ந்து தண்டு அமைத்தது. அது சென்னைப் படை. சிப்பாய்களில் தமிழர் மிகுதி. அவர்களுக்குப் பின்னே வணிகரும் தையற்காரரும் சமையற்காரரும் கொத்தரும் வந்தனர். தண்டுப் பகுதித் தெருக்களில் இன்றும் கேட்கும் தமிழுக்கு வேர் அதுவே. கோலார்த் தங்கவயலுக்கு 1880-களுக்குப்பின் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு சேர்த்ததும் ஓர் ஆங்கில நிறுவனமே. அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. தோர்வ் கடலூரில் நின்றிருந்தால், கர்நாடகத்தில் வாழும் நம்மவரில் பலர் இங்கே பிறந்தே இருக்கமாட்டார்கள். அல்லது சேலத்திலிருந்து சீரங்கப்பட்டணத்துக்கு, ஒரே அரசின் குடிகளாக, வேறு வேலைக்கு வந்திருப்பார்கள்.

மைசூருக்குச் செல்வோர் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பார்க்கலாம். புள்ளலூர்ப் போர் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. சூழ்ந்து நிற்கும் படைகளின் நடுவே பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்.