கடை வை-ஃபையில் யார் யார்?

இரவில் கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணுகிறோம்; பற்று நோட்டைப் புரட்டுகிறோம்; பூட்டை இழுத்துப் பார்க்கிறோம். ஆனால் மூலையில் விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் வை-ஃபை ரூட்டரை மட்டும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பில் போடும் கணினி, கார்டு மெஷின், கண்காணிப்புக் கேமரா ஆகியவை இன்று பல கடைகளில் அதை நம்பியே இயங்குகின்றன. அதில் வேறு யார் நுழைந்திருக்கிறார்கள் என்பதை வணிகர் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஏன் பார்க்க வேண்டும்?

இணைப்பு யார் பெயரில் உள்ளதோ, அவரிடம்தான் விசாரணை முதலில் வரும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் வை-ஃபை வழியாகச் சென்றிருந்தது. பிறர் செய்த காரியத்துக்கு அந்த வீட்டுக்காரர் விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. வை-ஃபையைப் பூட்டாமல் வைத்தால் நமக்கும் அந்த நிலை வரலாம்.

பார்க்கும் முறை

ரூட்டரின் அடியில் உள்ள சீட்டில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆகும். கடை வை-ஃபையில் இணைந்த கணினியில் அதைத் தட்டி, சீட்டிலுள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். பொதுவாக அங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கும்.

முதலாவது, இந்த நிமிடம் தொடர்பில் உள்ள கருவிகளின் பட்டியல். அலையின் வலுவும் சில ரூட்டர்களில் தெரியும். -45 என்றால் கருவி அருகில் உள்ளது. -80 என்றால் தொலைவிலோ, சுவர்களுக்கு அப்பாலோ உள்ளது எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, ரூட்டர் முகவரி வழங்கிய கருவிகளின் பட்டியல். கருவி வெளியேறிய பிறகும் தவணை முடியும் வரை அதன் பெயர் இதில் நிற்கும். பல ரூட்டர்களில் இத்தவணை 24 மணி நேரம். ஆகவே இப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, "நேற்று இரவு முழுவதும் நீதான் இணைப்பில் இருந்தாய்" என்று கடைப் பையன்மீது பழி சுமத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கவும். ஒவ்வொரு கருவிக்கும் 'மேக்' எண் என்ற அடையாளம் உண்டு. ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோன்களில் 2020 முதலும், கைபேசிகள் உண்மை எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டும் வசதி பெற்றுள்ளன. எனவே பட்டியலை வைத்து ஆள் இன்னார் என்று முடிவு கட்ட இயலாது.

செய்ய வேண்டியவை

1. நம் கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து, பட்டியலில் தோன்றும் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும்.

2. வாரம் ஒருமுறை பட்டியலை நோட்டுடன் ஒத்துப் பார்க்கவும். கணக்கில் வராத கருவி இருந்தால் தேதி, நேரத்துடன் குறிக்கவும். மின்தடை வந்தால் பல ரூட்டர்களில் பழைய பதிவு அழிந்துவிடும். நோட்டில் எழுதியது நிற்கும்.

3. சந்தேகம் எழுந்தால் வை-ஃபை கடவுச்சொல்லை மாற்றவும். பழைய சொல்லை வைத்திருந்த கருவிகள் மீண்டும் இணைய முடியாது. வேலையை விட்டு ஒருவர் நின்றாலும் இதைச் செய்வது நல்லது.

4. ரூட்டர் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றவும். பூட்டு முறை டபிள்யூ.பி.ஏ-2 அல்லது டபிள்யூ.பி.ஏ-3 ஆக இருக்கட்டும்.

5. வாடிக்கையாளருக்கும் கடைப் பணியாளரின் கைபேசிக்கும் 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே கொடுங்கள். பில் கணினியும் கார்டு மெஷினும் உள்ள இணைப்பை வெளியாருக்குத் தர வேண்டாம்.

பிறர் என்ன பேசுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று துருவுவது நம் வேலையன்று. நம் பெயரில் உள்ள இணைப்பில் எத்தனை கருவிகள், எவை நம்முடையவை என்ற கணக்குப் போதும். வார விடுமுறையன்று பத்து நிமிடம் ஒதுக்கி, வணிக அன்பர்கள் இதை ஒரு வழக்கமாக்கிக் கொள்ள வேண்டுகிறோம்.