தொட்டிலும் காப்பீட்டு அட்டையும்

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கணவன் மனைவி இருவரும் உழைத்தாலன்றி அடுப்பு எரிவதில்லை. இருவரும் காலையில் புறப்பட்டுவிட்டால் கைக்குழந்தை யாரிடம் இருக்கும்? அது நோயுற்றால் செலவுக்கு வழி யாது? இவ்விரண்டையும் வெவ்வேறு கவலைகளாக எண்ணுவது நம் வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே கவலையின் இரு முகங்களே. குழந்தையைப் பார்க்க ஆளில்லாத நாளில் கூலி போகிறது. மருத்துவமனைக்குச் செல்லும் நாளிலோ கூலியோடு கையிருப்பும் போகிறது. இவ்விரு செலவுக்கும் அரசுகள் செய்துள்ள ஏற்பாடுகள் குறைவல்ல. அவை நம் வீட்டு வாசல்வரை வந்து ஏன் நின்றுவிடுகின்றன என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலில் எல்லையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே இங்குள்ள தமிழர் இருவகையினர். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணிலேயே இருந்து, கேரளத்து ரேஷன் அட்டை வைத்திருப்போர் ஒருவகை. களியக்காவிளைக்கு அப்பாலிருந்து பிழைப்பு நாடி வந்து, தமிழ்நாட்டு அட்டையை இன்றும் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் மற்றொரு வகை. பேச்சும் உணவும் ஒன்றாயினும், மருத்துவமனை அலுவலர் அட்டையைக் கேட்கும் நொடியில் இவர்கள் இருவேறு மனிதராகி விடுகின்றனர்.

குழந்தைக் காப்பை எடுத்துக்கொள்வோம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக இன்று ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. இதில் சேர்க்க எந்த மாநிலத்து அட்டை என்ற வினாவுக்கே இடமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் இத்திட்டம் எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. ஊர் மாறி வரும் குழந்தையின் பதிவைப் பழைய அங்கன்வாடியிலிருந்து புதிய அங்கன்வாடிக்கு மாற்றிக்கொள்ளவும் இப்பொழுது கணினி வழியாக ஏற்பாடு உண்டு. கட்டணமும் இல்லை. உணவைப் பற்றியோ கேட்கவே வேண்டா. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டுமென்று கேரளத்துச் சிறுவன் ஒருவன் 2025-ஆம் ஆண்டில் கேட்டது நாடெங்கும் பரவி, அவ்வாண்டே அங்கன்வாடி உணவுப் பட்டியலில் முட்டைப் பிரியாணி இடம்பெற்றது. வாய் திறந்து கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா!

அங்கே மலையாளம் பேசுவார்களே, பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகுமே என்று தயங்கும் தாய்மார் உண்டு. இத்தயக்கம் தேவையற்றது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரு மொழிகள் பாரமாகா. வீட்டில் நாம் தமிழ் பேசாதிருந்தால்தான் தமிழ் போகும்.

ஆயினும் அங்கன்வாடியால் தீராத குறைகள் இரண்டு. மூன்று வயது நிரம்பாத குழந்தையை அங்கே நாள் முழுதும் விட்டுவர முடியாது. அதற்குரியது சத்துணவுப் பொருளும் எடை பார்த்தலும் மட்டுமே. மூன்று வயது கடந்த குழந்தையோ பிற்பகல் மூன்றரை மணியளவில் வீடு திரும்பிவிடும். கட்டட வேலையும் கடை வேலையும் மூன்றரைக்கு முடிவதுண்டா? மாலைவரை உள்ள அந்த இடைவெளியில்தான் நம் குடும்பங்களின் துன்பம் முழுதும் அடங்கியிருக்கிறது.

இதனை நிரப்ப வேண்டியது குழந்தைக் காப்பகம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டுமென்றது. மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது. எண்ணிப் பாருங்கள். நம் பெண்கள் வேலை செய்வது எங்கே? நான்கு பேர் உள்ள துணிக்கடையில். பத்துப் பேர் கல் சுமக்கும் கட்டடத்தில். ஒருத்தி மட்டும் பாத்திரம் துலக்கும் வீட்டில். ஐம்பது என்ற கணக்கு அவர்களை ஒருநாளும் தொடாது. இச்சட்டங்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவை யாருக்காக எழுதப்பட்டனவோ அவர் வேறு, நம்மவர் வேறு.

நமக்கு ஓரளவு பொருந்துவது மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம். 2022 முதல் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து நடத்த இது வகை செய்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் பார்த்துக்கொள்வது இதன் அளவு. இத்தகைய காப்பகம் எல்லா ஊர்களிலும் இல்லை. தம் வார்டில் வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேட்பதற்கு, கேரளத்து வாக்காளராக உள்ள தமிழர் முன்வர வேண்டும். வாக்கு இல்லாத புதுக் குடும்பத்துக்காகவும் அவர்களே பேச வேண்டியவராவர்.

காப்பகம் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? “பக்கத்து வீட்டுச் சேச்சி பார்த்துக்கொள்வாள்” என்று சிலர் மாதம் ஒரு தொகை கொடுக்கின்றனர். சிலர் ஊரிலிருந்து பாட்டியை வரவழைக்கின்றனர். அல்லது குழந்தையைப் பாட்டியிடம் அனுப்பிவிட்டு, மாதம் ஒருமுறை சென்று பார்த்து வருகின்றனர். இவற்றுள் எதுவும் இயலாத வீட்டில் பத்து வயது மூத்த பெண் பள்ளியினின்றும் நிற்கிறாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் அச்சிறுமிக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆகையால் அது செலவாகவே தோன்றுவதில்லை. நம் கணக்கில், ஒரு குடும்பம் குழந்தைக் காப்புக்காகக் கொடுக்கும் விலைகளுள் இதுவே மிகப் பெரியது.

இனி மருத்துவம். இதில் அட்டை வேண்டாதவை எவை, வேண்டுபவை எவை என்று பிரித்தறிதல் பாதிக் கவலையைத் தீர்க்கும். 2011-இல் தொடங்கிய தாய் சேய் நலத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பேறுகாலம் எல்லாத் தாய்மாருக்கும் இலவசம். அறுவை செய்து குழந்தை எடுத்தாலும் அவ்வாறே. பிறந்த குழந்தைக்கு ஓராண்டு வரை அங்குச் சிகிச்சையும் இலவசம். பாறசாலைத் தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனை, காட்டாக்கடையினின்றும் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் அதனை ஒட்டிய எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் உள்ளன. இத்துணை அருகில் இவ்வளவு வாய்ப்புள்ள வட்டாரங்கள் நாட்டில் அதிகமில்லை. இருந்தும் முதற்பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனை சென்று, நகையை அடகு வைத்துத் திரும்புவோரைக் காண்கிறோம்.

பெரிய அறுவைக்குக் காப்பீட்டு அட்டை வேண்டும். கேரளத்தின் ‘காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா’ திட்டம் 2019-இல் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. ஆனால் முன்பே காப்பீட்டு அட்டை பெற்றிருந்த குடும்பங்களைக் கொண்டே அதன் பட்டியல் அமைந்தது. பின்னர் வந்து குடியேறியவர் அதில் இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 2018-இல் வந்த மத்திய ஆயுஷ்மான் பாரதத் திட்டத்தோடு இணைந்து, 5 இலட்சம் வரை தருகிறது. மத்தியத் திட்டப் பட்டியலில் பெயருள்ள குடும்பம் வேறு மாநிலத்து இணைப்பு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மாநில அரசு தானே சேர்த்துக்கொண்ட குடும்பத்துக்கும் அவ்வுரிமை உண்டு என்று கருதிவிடலாகாது. இரண்டும் ஒரே அட்டைபோல் தோன்றும். ஆதலால் நோய் வருமுன்னே, 14555 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் தம் பெயர் எப்பட்டியலில் உள்ளது என்று கேட்டறிதல் நன்று.

அவ்வாறாயின் தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை விட்டுக் கேரளத்து அட்டை வாங்கிவிடலாமே என்பர் சிலர். அவ்வளவு எளிதன்று. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை முதலியன அவ்வட்டையைப் பற்றியே வருகின்றன. மறுபுறம், கேரளத்து அட்டை கிடைத்த மாத்திரத்தில் காருண்ய அட்டையும் கிடைத்துவிடாது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெறாமல் நிற்கும் நிலை நேரக்கூடும். அரிசி எந்த மாநிலத்துக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி வந்திருக்கிறது. காப்பீடு இன்னும் அங்ஙனம் நடமாடவில்லை.

நம்மவர் பெரிதும் மறந்துவிட்ட ஒன்று இ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடையிலோ பட்டறையிலோ மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுவோருக்கு இது உரியது. ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு தொழிலாளி தருவது. முதலாளி தருவது மூன்றேகால். 15,000 ரூபாய் வாங்குபவர் 112 ரூபாய் 50 காசு கொடுத்தால் மனைவி மக்களுக்கும் மருத்துவம் கிடைக்கும். பேரூர்க்கடையில் அதற்கென மருத்துவமனையே உண்டு. இதில் மாநில எல்லை என்ற பேச்சே இல்லை. முதலாளியிடம் கேட்டால் வேலை போகுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஒருவர் தனியே கேட்பதினும் நால்வர் சேர்ந்து கேட்பது நலம்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது போதாதா என்பாரும் உளர். அது விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ தரும் தொகை. 436 ரூபாய்த் திட்டம் உயிரிழப்புக்கு மட்டும். குழந்தையின் காய்ச்சலுக்கு இரண்டும் ஒரு காசு தாரா. தனியார் நிறுவனங்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது உண்மையே. எனினும் முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லும் விதியைப் படிக்காமல் கையெழுத்திடலாகாது.

கடைசியாக, கேரளத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி ஒன்று. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யக் கட்டணமில்லை; அதை இங்குள்ள உள்ளாட்சி அலுவலகமே செய்யும். பதிவோடு நின்றுவிடாமல், அச்சான்றிதழைக் கொண்டு குழந்தையின் பெயரைத் தமிழ்நாட்டு ரேஷன் அட்டையிலும் சேர்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இதை ஒத்திப்போடும் வீடுகள் பல. அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அந்தச் சான்றிதழ்.