விடியும் வரை ஓடும் கார்கள்
(வெளிநாட்டு இரவுப் பந்தயத்தை முதன்முறை காணச் செல்வோர்க்கு)

முன்னுரை

வேகத்தைக் கண்டு வியப்பது மனித இயல்பு. குதிரைப் பந்தயமும் மாட்டுவண்டிப் பந்தயமும் படகுப் போட்டியும் அவ்வியப்பில் பிறந்தவையே. மோட்டார் பந்தயம் அவ்வரிசையில் இளையது. அதிலும் ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாது, 24 மணி நேரம் நடைபெறும் நெடும்பந்தயம் தனித்தன்மை வாய்ந்தது.

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றது காஞ்சி. ஆயினும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1990ஆம் ஆண்டிலிருந்து கார்ப் பந்தயத் தடம் ஒன்று இயங்கி வருவதையும் நாம் அறிவோம். 1953இல் தொடங்கப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் முன்னர்ச் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வந்தது. பின்னர் இத்தடத்தை அமைத்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் திரைப்பட நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அதன்பின் மாணவர்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது: "இதனை நேரில் சென்று காண இயலுமா?"

இயலும். ஆனால் அப்பயணம் ஈராண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடியது. பாதி இரவில் சோர்ந்து உறங்கி, காணவேண்டியதைக் காணாது திரும்புவோரும் உளர். புதியதொன்றைத் தமிழில் விளக்கிச் சொல்லுதல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்று ஆதலின், இக்கட்டுரையை இங்கு எழுதுகின்றோம். இப்பந்தயத்தில் வெல்வது விரைவு மட்டுமன்று. இருப்பதைப் பகுத்துச் செலவிடும் அறிவும் ஆகும். காணச் செல்பவர்க்கும் அவ்வறிவே துணை. இதுவே நாம் கூற விழையும் கருத்து.

பந்தயத்தின் இயல்பு

இவ்வகைப் பந்தயங்களுள் தலையாயது பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறுவது. 1923ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இப்பந்தயம் இப்போது சூன் மாதத்தில் நடைபெறுகின்றது. சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடிவுறும். தடத்தின் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி, மற்ற நாள்களில் மக்கள் பயன்படுத்தும் பொதுச்சாலையே ஆகும். 2010இல் வென்ற ஆடி கார் 397 சுற்றுகளில் 5,410 கிலோமீட்டர் ஓடியது. கன்னியாகுமரியினின்று காசுமீரம் சென்று பாதிவழி திரும்பும் தொலைவு அது. ஒரே நாளில் ஓடி முடிக்கப்பெற்றது.

ஒரு காருக்கு ஓட்டுநர் மூவர். ஒருவர் எந்த 6 மணி நேரத்திற்குள்ளும் 4 மணி நேரத்திற்கு மேல் ஓட்டலாகாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைக் கடத்தலாகாது. எரிபொருள் நிரப்பவும் சக்கரம் மாற்றவும் ஓட்டுநர் மாறவும் கார் ஒதுங்கும் இடத்தைப் 'பிட்' என்பர். அங்குச் செலவாகும் நேரமும் கணக்கில் சேரும் ஆதலின், சில நொடிகளின் சிக்கனம்கூட வெற்றியை மாற்றும்.

விரைவுமிக்க கார்களும் விரைவு குறைந்த கார்களும் வெவ்வேறு பிரிவுகளாக ஒரே தடத்தில் ஓடும். முதலில் காண்பவர்க்கு இதுவே பெருங்குழப்பம். முன்னே செல்லும் கார் முதலிடத்தில் இருப்பதாகக் கொள்ளுதல் தவறு. அது தன் பிரிவில் எவ்விடம் என்று நோக்க வேண்டும். எனவே செல்வதற்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு காரைத் தெரிந்து, அதன் எண்ணையும் வண்ணத்தையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்தொடர மூன்று கார்கள் இருப்பின் இரவு முழுதும் ஆர்வம் குன்றாது.

விபத்து நேரும்போது என்ன நிகழும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். துபாய்ப் பந்தயத்தில் அறிவிப்பு வந்தவுடன் எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீட்டராக வேகத்தைக் குறைக்க வேண்டும். லெ மானில் காப்புக் கார் முன்செல்ல, மற்றவை அதன்பின் வரிசையாகச் செல்லும். அறியாதவர் பந்தயம் நின்றுவிட்டதென எண்ணுவர். அறிந்தவர் அப்பொழுதைப் பயன்படுத்தி உணவருந்தி வருவர்.

பொறுமையின் வரலாறு

பழங்காலத்தில் ஓட்டுநர்கள் தடத்தின் குறுக்கே ஓடிச்சென்று காரில் ஏறிப் புறப்படுவது லெ மான் மரபு. அவ்வவசரத்தில் காப்புப் பட்டையைச் செம்மையாக அணியாமலே பலர் புறப்பட்டனர். 1969இல் ஜாக்கி இக்ஸ் என்னும் பெல்சிய ஓட்டுநர், அம்முறை தீங்கானது என்பதைக் காட்ட, ஓடாமல் நடந்து சென்றார். பட்டையை அணிந்த பின்னரே கடைசியாகப் புறப்பட்டார். 24 மணி நேரத்திற்குப் பின் ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் வென்றவரும் அவரும் அவர்தம் துணை ஓட்டுநருமே. மறு ஆண்டே அப்பழைய முறை கைவிடப்பெற்றது.

2016இல் இதற்கு மறுபுறமான நிகழ்ச்சி. முன்னணியில் வந்த டொயோட்டா கார், முடிய மூன்று நிமிடங்களே இருந்த நிலையில் ஆற்றலிழந்து நின்றது. போர்ஷே கார் வென்றது. ஆதலின் இறுதி ஒரு மணி நேரத்தைத் தவறவிடலாகாது.

நம்மவர் பங்கும் இவ்வரலாற்றில் உண்டு. தமிழகத்தைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2009இல் லெ மான் சென்றார். தொடக்கத்திற்குச் சற்று முன் தோள்மூட்டு நழுவியதால் ஓட்ட இயலாது போயிற்று. 2012இல் சென்னையின் கருண் சந்தோக் அப்பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய கார் ஆறாமிடம் பெற்றது.

காலமும் இடமும் அறிதல்

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் இடனறிதலுக்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். பயணத் திட்டத்திற்கும் அவ்வரிசை பொருந்தும்.

லெ மான் சூன் மாதத்தது. வடக்கே அமைந்த அவ்வூரில் அம்மாதத்தில் கதிரவன் இரவு 10 மணியளவில் மறைந்து, காலை 6 மணியளவில் எழும். ஆகவே இரவு என்பது 8 மணி நேரமே. துபாய்ப் பந்தயம் சனவரியில் நடைபெறுவது. அங்கு மாலை 6 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்து, காலை 7 மணிக்குப் பின்னரே எழும். 13 மணி நேரத்திற்கு மேல் இருளிலேயே கார்கள் ஓடும். இரவுப் பந்தயத்தைக் காண்பதே நோக்கமாயின் துபாயே மிகுதியாக வழங்கும்.

இடம் நோக்கினும் அவ்வாறே. சென்னையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நான்கு மணி நேரப் பயணம். நேர வேறுபாடு ஒன்றரை மணியே. தடத்தின் சுற்று 5.39 கிலோமீட்டர் ஆதலின், ஒரே இடத்தில் அமர்ந்து பலமுறை காரைக் காணலாம். தமிழகக் குடும்பங்கள் பலவற்றிற்கு அங்கு உறவினரும் உளர். லெ மானின் சுற்று நீண்டது. கார் ஒருமுறை கடந்தால் மீண்டும் வர மூன்றரை நிமிடங்களுக்கு மேலாகும். ஆனால் நூற்றாண்டு கடந்த பெருவிழா அது. 2023இல் 3,25,000 பேர் கூடினர்.

நம் பரிந்துரை இது: முதலில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பகற்பந்தயம், அடுத்துத் துபாய், அதன்பின் லெ மான். காதைத் துளைக்கும் அவ்வொலியை ஒரு பகல்கூடப் பொறுக்க இயலாதவர், பெருஞ்செலவு செய்து இரவு முழுதும் அதனைக் கேட்கச் செல்ல வேண்டியதில்லை. இதனை உள்ளூரிலேயே குறைந்த செலவில் அறிந்துகொள்ளலாம்.

முன்னேற்பாடுகள்

லெ மான் செல்வோர் நுழைவுச்சீட்டை முந்திய ஆண்டின் இறுதியிலேயே வாங்க முயல வேண்டும். அண்மை ஆண்டுகளில் அவை பல மாதங்களுக்கு முன்னரே தீர்ந்துவிட்டன. பொது நுழைவுச்சீட்டு வேறு, அரங்க இருக்கைச் சீட்டு வேறு என்பதை நினைவிற் கொள்க. அடுத்தது தங்குமிடம்; மூன்றாவது விசா; விமானச்சீட்டு அதனோடு இணைந்து அமையட்டும்.

பிரான்சு செல்ல ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம்; 15 நாள்களுக்குக் குறையலாகாது. 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 சூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பெறினும் கட்டணம் திரும்பாது. ஆகவே நீக்கினால் பணம் திரும்பும் வகையில் அறையைப் பதிவு செய்தல் அறிவுடைமை.

பாரிசின் மோன்பர்னாசு நிலையத்திலிருந்து விரைவு இரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லெ மான் சேரும். நிலையத்திலிருந்து பந்தயத் தடம் அருகே வரை டிராம் வண்டி உண்டு. அயல்நாட்டில் காரை வாடகைக்கு எடுக்க வேண்டியதேயில்லை.

கையிற் கொள்ளவேண்டியவை சிலவே: காதடைப்பான், மழைச்சட்டை, கம்பளி மேலாடை, சிறு விளக்கு, தரைவிரிப்பு, பழகிய காலணி. காஞ்சியின் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அவ்விரு நாட்டு நள்ளிரவும் குளிராகவே தோன்றும். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். 2019இல் அத்திவரதர் விழாவின் 48 நாள்களும் பெருங்கூட்டத்தைக் கண்ட காஞ்சி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரவைப் பகுத்தல்

பாரதக் கூத்து இவ்வட்டாரத்தில் இரவில் தொடங்கி விடியும் வரை நிகழ்வது. பழகிய கிழவர் பாயோடு வருவார், தொடக்கத்தைக் காண்பார், இடையில் துயில்வார், துகிலுரிதல் வருமுன் எவரும் எழுப்பாமலே எழுந்தமர்வார். முதல் நாழிகையிலேயே ஆரவாரம் செய்யும் இளைஞனோ உச்சக் காட்சியில் குறட்டை விடுவான். இரவுப் பந்தயத்தைக் காண்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

லெ மானுக்கு நாம் கூறும் பகுப்பு இது. மாலை 4 முதல் 6 வரை தொடக்கம். பின்னர் உணவும் ஓய்வும். கதிரவன் மறையும் 10 மணியிலிருந்து நள்ளிரவு 1 மணி வரை காண்க. செந்நிறமாய்க் கனலும் தடைத்தட்டுகளும் ஒளிக்கற்றைகளும் அப்போதே காட்சி தரும். 1 முதல் 5 வரை உறங்குக. விடியலில் எழுக. அந்நேரம் ஓட்டுநர் சோர்ந்திருப்பர், கார்கள் கறைபடிந்திருக்கும், எவை நின்றன, எவை நிலைத்தன என்பது புலப்படும். பகலில் சற்று இளைப்பாறி, மாலை 3 மணிக்கு இருக்கைக்குத் திரும்புக. துபாயிலும் இம்முறையே, இருள் நீண்டதாகலின் உறக்கத்தை இரு கூறாக்கலாம்.

தொழுகையும் உணவும்

முஸ்லிம் மாணவர்கள் வினவும் ஒன்றையும் சொல்லவேண்டும். சூன் மாதத்து லெ மானில் மஃரிப் இரவு 10 மணியளவில். இஷா அதனினும் பிந்தி நள்ளிரவை ஒட்டி. ஃபஜ்ர் வைகறையில் மிக முந்தி. நேர அட்டவணையை ஊரிலிருந்து செல்லுமுன்பே எழுதி வைத்துக்கொள்க. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை பயணிக்கு உண்டு; இரு வேளைகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருத்தலின், அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. தரைவிரிப்பு தொழவும் உதவும். ஹலால் உணவு துபாயில் எளிது. லெ மான் தடத்தில் பழம், ரொட்டி, கொட்டைகள் ஆகியவற்றைக் கையோடு கொள்ளுதல் நலம். சைவ உணவினருக்கும் இதுவே வழி.

காப்பு

1955 சூன் 11 அன்று லெ மானில் ஒரு கார் பார்வையாளர் பகுதியில் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோட்டார் பந்தய வரலாற்றின் கொடிய விபத்து அது. இன்று காணும் வேலிகளும் விலகு நிலங்களும் அத்தகைய துயரங்களின் விளைவு. படம் எடுக்கும் ஆவலில் வேலி ஏறுவோரும் விலக்கிய இடத்தில் நுழைவோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதனினும் அணுக்கமான ஆபத்து பந்தயம் முடிந்தபின் காத்திருக்கின்றது. ஓட்டுநரை 4 மணி நேரத்தில் இறக்கிவிட விதி உண்டு. உறங்காத பார்வையாளரை வாகனத்திலிருந்து இறக்கிவிட எவரும் இலர். ஞாயிறு இரவு அங்கேயே உறங்கி, மறுநாள் புறப்படுக. சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பின்னும் அவ்வாறே. காஞ்சிக்கு வரும் நெடுஞ்சாலையில் வைகறைப் பொழுதில் கண்ணயர்ந்த ஓட்டுநரால் நேரும் துயரங்கள் நமக்குப் புதியன அல்ல. நண்பனைக் கார் கொண்டுவரச் சொல்லி, அவன் உறங்கட்டும் என்று நாமே ஓட்டுதல் அறியாமை. பேருந்தோ இரயிலோ போதும்.

முடிவுரை

நெசவாளி பாவு முழுதும் ஒரே சீராக நெய்தாலன்றிச் சேலை ஒழுங்காக அமையாது. முதல் முழத்தில் காட்டும் விரைவு கடைசி முழத்தைக் காக்காது. நெடும்பந்தயமும் அத்தகையதே. பணத்தையும் உறக்கத்தையும் ஆர்வத்தையும் அளந்து செலவிடுபவர் கடைசிக் கொடி அசையும்போது விழித்திருப்பர். வீட்டிற்கும் நலமே திரும்புவர். மாணவர்கள் இப்பயணத்தை விரும்பினால், ஓராண்டுக்கு முன்னரே ஒரு குறிப்பேட்டில் நாள், சீட்டு, விசா, தங்குமிடம், உறக்கம் என ஐந்து தலைப்புகளை எழுதித் தொடங்குக. அவற்றுள் உறக்கம் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் அடித்துவிடாதிருப்பார்களாக!