மறுநாளும் சந்திக்க நேர்ந்தால்: இணைய விளையாட்டுகளின் பண்பாடு

இணையத்தின் வழியே பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் விளையாட்டுகளில் இருபது, முப்பது ஆண்டுகளாகப் புழங்கிவரும் கேமர்களிடம் பரவலாகக் கேட்கக்கூடிய குறை ஒன்று உண்டு. விளையாட்டுகள் வளர்ந்த அளவுக்கு அவற்றை ஆடுவோரிடையே உள்ள உறவு வளரவில்லை, மாறாகத் தேய்ந்துவிட்டது என்பதே அது. தோற்றவுடன் வசைபாடுவதும், விவரம் அறியாத புதியவரை ‘நூப்’ என்று இகழ்வதும், பாதி ஆட்டத்தில் அணியைக் கைவிட்டு வெளியேறுவதும் இன்று ஆட்டத்தின் இயல்பாகவே கொள்ளப்படுகின்றன. புனைபெயருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் வசதியே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்த வசதி இவ்வகை விளையாட்டுகள் தோன்றிய நாள் முதலே இருந்துவருகிறது. இடையில் மாறியது, ஆடுபவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டடைகிறார்கள், ஆட்டம் முடிந்த பின் மீண்டும் சந்திக்கிறார்களா என்பவற்றை முடிவுசெய்யும் ஏற்பாடேயாகும்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் விளையாட்டில் படங்களே இல்லை. காடும் குகையும் புதையலும் எழுத்தில் விவரிக்கப்பட, ஆடுபவர்கள் தாம் செய்ய விரும்புவதைத் தட்டச்சு செய்தார்கள். இத்தகைய உலகங்களுக்கு வருவோரைப் பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் நான்காக வகைப்படுத்தினார்: புள்ளியும் பதவியும் தேடுவோர், மூலைமுடுக்கெல்லாம் அறிய விழைவோர், பேசிப் பழக வருவோர், பிறரைத் துன்புறுத்தி இன்புறுவோர். ஒரு வகையினர் பெருகினால் மற்றொரு வகையினர் விலகிச் செல்வர் என்பதையும், அந்தச் சமநிலையை உலகை அமைப்பவர்கள் தம் விதிகளால் மாற்ற முடியும் என்பதையும் அவர் விளக்கினார். ஆடுபவரின் குணத்தை மட்டும் பார்க்காமல் விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்னும் அந்தப் பார்வையே பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

பெயர் நிலைத்த காலம்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘குவேக்’ என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, முன்பின் அறியாதோர் இணையத்தில் மோதிக்கொள்ளும் பழக்கத்தைப் பரவலாக்கியது. ஆட்டத்தை நடத்தித்தரும் கணினியாகிய சர்வரை அன்று பெரும்பாலும் ஆர்வலர்களும் மாணவர்களும் இணையச் சேவை தருவோருமே நடத்தினார்கள். ஆடுபவரின் கணினியிலிருந்து செல்லும் செய்தி சர்வரை அடைந்து திரும்பும் நேரம் ‘பிங்’ எனப்படுகிறது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு இணைந்தவர்களுக்கு அது சில நூறு மில்லி விநாடிகள் வரை இருந்தமையால், அவரவர் தமக்கு அருகிலுள்ள ஒருசில சர்வர்களையே நாள்தோறும் நாடினார்கள். இதனால் வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் தேநீர்க் கடையைப் போல, ஒவ்வொரு சர்வருக்கும் தனக்கென ஒரு கூட்டமும், எழுதப்படாத நடைமுறைகளும், அத்துமீறியவரை வெளியேற்றும் நிர்வாகியும் அமைந்தனர்.

ஆயினும் நிலைத்த பெயர் ஒன்றே நன்னடத்தையைத் தந்துவிடாது என்பதை 1997 செப்டம்பரில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ உணர்த்தியது. ஆடுபவர் வெளியேறிய பின்னும் தொடர்ந்து இயங்கும் உலகமாக அமைந்த அதில், எவரும் எவரையும் கொன்று உடைமைகளைப் பறிக்க முடிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனையின்போது, அதைப் படைத்த ரிச்சர்ட் காரியட் ஏற்றிருந்த அரசர் பாத்திரத்தையே ஓர் ஆட்டக்காரர் கொன்றுவிட்டார். நகர எல்லைக்கு வெளியே காத்திருந்த கொள்ளையர்களால் புதியவர்கள் சலித்து விலகவே, 2000ஆம் ஆண்டில் அவ்வுலகத்துக்கு இன்னொரு பிரதி உருவாக்கப்பட்டு, அதில் சம்மதமின்றித் தாக்குவது தடுக்கப்பட்டது. பெரும்பாலோர் அங்கேயே குடியேறினர்.

1999 மார்ச்சில் வந்த ‘எவர்க்வெஸ்ட்’ தடையை மட்டும் நம்பாமல், ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் நிலையையும் உண்டாக்கியது. அதில் இறந்த பாத்திரத்தின் உடைமைகள் இறந்த இடத்திலேயே உடலோடு கிடந்ததால், அவற்றை மீட்கத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது; இறந்தவரை உயிர்ப்பிக்க ஒருவரும், தொலைதூரத்துக்கு நொடியில் கொண்டுசேர்க்க இன்னொருவரும் வேண்டியிருந்தது. மந்திர ஆற்றல் தீர்ந்தால் அது நிரம்பும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பதால், அந்த நேரம் பேச்சில் கழிந்தது. சந்தைக்கென்று தனி ஏற்பாடு இல்லாத தொடக்க ஆண்டுகளில், ஆட்டக்காரர்கள் தாமாகவே ஒரு சுரங்கப்பாதையில் கூடிப் பண்டமாற்றும் விற்பனையும் நடத்தினார்கள். அணியை ஏமாற்றிப் பொருளைச் சுருட்டிச் சென்றவரின் பெயர் அந்தச் சர்வர் முழுவதும் பரவியதும், நிலையான குழுக்களாகிய கில்டுகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன.

வரிசையில் சேரும் அந்நியர்கள்

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக 2004 நவம்பரில் வெளியான ‘ஹேலோ 2’, சர்வர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வேலையையே நீக்கி, ‘மேட்ச்மேக்கிங்’ என்னும் முறையைப் பெருவழக்காக்கியது. வெற்றி தோல்விகளைக் கொண்டு ஒருவரது திறனை எண்ணாக மதிப்பிட்டு, அதற்கு நிகரானவர்களைக் கணினியே தேடிச் சேர்க்கும் இம்முறைக்கு, அர்பாட் ஏலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்ட தரப்புள்ளிக் கணக்கே முன்னோடியாகும். இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்படும் முன் தமிழக இளைஞர்களிடையே பெரிதும் பரவியிருந்த பப்ஜி மொபைலில், முன்பின் அறியாத நால்வரை ஒரு ஸ்குவாடாக்கி நூறு பேர் மோதும் களத்தில் இறக்கியதும் இவ்வகை ஏற்பாடுதான்.

இம்முறையின் விளைவு மிகத் தெளிவாகப் புலப்படுவது, 2004இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டிலாகும். நிலவறை எனப்படும் கடினமான பகுதிகளுக்குச் செல்ல விரும்புவோர், நகரத்தில் குரல் கொடுத்து ஐவரைத் திரட்டி, வாயில்வரை பயணம் செய்து உள்ளே நுழைவது தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது; ஆள் சேர்க்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். 2009 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பின், ஒரு பொத்தானை அழுத்தினால் பல சர்வர்களிலிருந்து நால்வர் சேர்க்கப்பட்டு, ஐவரும் நேரே உள்ளே கொண்டுவிடப்பட்டனர். எல்லாருக்கும் நேரம் மிச்சமாயிற்று. ஆனால் வேறு சர்வரைச் சேர்ந்தவரை மறுநாள் சந்திக்க வாய்ப்பு அரிதென்பதால், நன்றி சொல்வதற்கும் பழிக்கு அஞ்சுவதற்கும் காரணம் குறைந்துபோனது.

ஊரார் பேச்சு செய்துவந்த வேலையை நிறுவனங்கள் பின்னர் தனி அமைப்புகளால் ஈடுசெய்ய முயன்றன. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் 2011இல், புகாருக்கு உள்ளானவரின் உரையாடல் பதிவுகளைச் சக ஆட்டக்காரர்களே படித்துத் தீர்ப்பளிக்கும் ஒரு மன்றத்தை ஏற்படுத்திச் சில ஆண்டுகள் நடத்தியது. ‘ஓவர்வாட்ச்’ 2018 முதல், நல்ல முறையில் ஆடியவருக்குப் பிறர் பாராட்டுப் புள்ளி தர வழிசெய்தது. அறிமுகம் இல்லாத இடத்தில் நற்பெயரை எண்ணாக மாற்றித் தரும் முயற்சிகள் இவை.

பழமையின் மறுபக்கம்

பழைய சர்வர்களை நினைத்து ஏங்குவோர் அவற்றின் குறைகளை மறந்துவிடுவதும் உண்டு. நிர்வாகியின் விருப்பு வெறுப்பே அங்கே சட்டமாக இருந்தது. திறமையானவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லி வெளியேற்ற அவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. ஏற்கெனவே பழகியவர்களின் வட்டத்துக்குள் புதியவர் நுழைவது கடினமாக இருந்தது. பெண்கள் தம் அடையாளத்தை மறைத்து ஆடும் பழக்கமும் அக்காலத்தில் தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது. தமக்கு நிகரான எதிரியோடு மோதும் வாய்ப்பைச் சாதாரண ஆட்டக்காரருக்குத் தந்தது மேட்ச்மேக்கிங் முறையே என்பதை மறுக்க இயலாது.

அந்நியர்களைச் சேர்ப்பது பகைமையில்தான் முடியும் என்பதும் இல்லை. 2012இல் வெளிவந்த ‘ஜர்னி’யில் பாலைவனத்தில் நடந்துசெல்லும் ஒருவருக்குப் பெயர் தெரியாத இன்னொருவர் வழித்துணையாக வாய்ப்பார், பேச முடியாது, இசையொலி மட்டுமே எழுப்ப முடியும். உருவாக்கக் கட்டத்தில், ஒருவரையொருவர் இடிக்க முடிந்தபோது ஆட்டக்காரர்கள் தள்ளிவிட்டு விளையாடியதைக் கண்ட படைப்பாளர்கள், மோதலை நீக்கி, அருகில் நின்றால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் கூடும்படி அமைத்தனர். துணையாகச் செல்வதே அதன் பின் இயல்பாயிற்று.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டின் பழைய வடிவம் கேமர்களின் வேண்டுகோளை ஏற்று 2019 ஆகஸ்டில் மீண்டும் வெளியிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2022இல் வந்த பதிப்பில், நட்புறவைக் காக்கும் நோக்கில், தானாகக் குழு சேர்க்கும் வசதி விலக்கிவைக்கப்பட்டது. ஆனால் ஆட்டக்காரர்கள் பலரும் கேட்டுக்கொண்டதன் பேரில் 2023 ஜூனில் அது திரும்பவும் சேர்க்கப்பட்டது. தோழமையை இழந்ததாக வருந்திய தலைமுறையே அத்தோழமைக்குரிய காத்திருப்பை ஏற்கத் தயங்கியதை இது காட்டுகிறது. வேலையும் குடும்பமும் உடையவர்களுக்கு மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஆள் தேடி அலைவது இயலாத செயல் என்பதும் உண்மையே. ஆகவே பழைய அலைச்சலை மீட்டெடுப்பதைக் காட்டிலும், விரைவாகச் சேர்க்கப்பட்ட நால்வரை மறுநாளும் சந்திக்கவைக்கும் விதிகளை வகுப்பதே இனி விளையாட்டுகளை உருவாக்குவோர் முன்னுள்ள பணியாகும்.