ஆக்கர்கடைத் தராசில் ஏறும் முன்... மச்சில் கிடக்கும் அந்த மாத நாவலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்!

கருங்கல் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கினால், முதலில் காலியாகும் இடம் மச்சுதான். வெண்கல உருளி, பித்தளைக் குத்துவிளக்கு, பழைய மரப்பெட்டி எல்லாம் பத்திரமாகக் கீழே இறங்கும். கடைசியில் மூலையில் ஒரு கட்டு மிச்சமிருக்கும். சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது, மேலே ஒரு விரற்கடை தூசி. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பேறிய மாத நாவல்களும் நான்கைந்து காமிக்ஸும் அட்டை போன வார இதழ்களும் இருக்கும்.

"அதெல்லாம் குப்பை, ஆக்கர்கடைக்குப் போட்டுரு" என்று யாராவது சொல்வார்கள். பழைய பொருள் வாங்கும் கடைக்குக் குமரி மாவட்டத்தில் அதுதான் பெயர். தராசில் ஏறினால் கிலோவுக்குச் சில ரூபாய் கிடைக்கும். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், அந்தக் கட்டில் இருக்கும் ஒரு நாவல் மறுபதிப்பே காணாததாக இருக்கலாம். எழுதியவரிடமோ பதிப்பித்தவரிடமோ, எந்த நூலகத்திலுமோ அதன் பிரதி இல்லாமலும் இருக்கலாம். பழைய துப்பறியும் இதழ்களையும் மாத நாவல்களையும் தேடித் தேடிச் சேர்ப்பவர்களைத் தூங்கவிடாத கவலை இதுதான்.

தூக்கிப்போடவே அச்சடித்தவை

'பல்ப்' என்றால் மரக்கூழ். மரக்கூழில் செய்த மலிவான தாளில் அச்சடித்ததால் அமெரிக்காவில் இந்த வகை இதழ்களுக்கு அந்தப் பெயர் வந்தது. ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1896-ல் தன்னுடைய 'ஆர்கசி' இதழை முழுக்க முழுக்கக் கதைகளுக்கென்றே மாற்றினார். அதைத்தான் முதல் பல்ப் இதழ் என்கிறார்கள். மலிவான தாள், கண்ணைப் பறிக்கும் அட்டை, விறுவிறு கதை, படித்துவிட்டுத் தூக்கிப்போடு. இந்தச் சூத்திரம் உலகம் முழுக்கப் பரவியது.

தமிழுக்கும் அது சீக்கிரமே வந்து சேர்ந்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல் நாவல்கள், வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் மர்மக் கதைகள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் கதைகளுக்குத் தனி வாசகர் கூட்டம் இருந்தது. வடுவூராரின் 'மேனகா' 1935-ல் திரைப்படமாகவும் வந்தது.

அந்தக் காலத்திலேயே மாத நாவல் உலகில் ஒரு பெண் கொடி நாட்டியிருக்கிறார். வை.மு.கோதைநாயகி பள்ளிக்கூடம் போகாதவர். முதலில் அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதிக் கொடுத்தார். அதே கோதைநாயகி 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, 115 நாவல்கள் எழுதினார். இன்று அவருடைய எல்லா நாவல்களையும் ஒரே கடையில் வாங்கிவிட முடியுமா என்றால் முடியாது. அன்றைய தாய்மார்கள் படித்து முடித்துப் பெட்டியில் வைத்த பிரதிகளை நம்பித்தான் தேடல் நடக்கிறது.

பெட்டிக்கடைக் கொடியில் தொங்கிய காலம்

இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களுக்கு மாத நாவல் என்றதும் பெட்டிக்கடைதான் ஞாபகம் வரும். கட்டிய கயிற்றில் கிளிப் மாட்டி, வரிசையாகத் தொங்கும் அட்டைகள். 1969-ல் 'ராணி முத்து' தொடங்கியது. குமுதம் குழுமத்தின் 'மாலைமதி' வந்தது. எண்பதுகளில் ஜி.அசோகனின் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்றவை பஸ் ஸ்டாண்டுகளையும் ரயில் நிலையங்களையும் பிடித்துக்கொண்டன.

ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி. துப்பறியும் ஜோடிகளின் பெயரைச் சொன்னாலே எழுத்தாளர் பெயரைச் சொல்லிவிடும் வாசகர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 'சுபா' என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர் என்பதே பலருக்குப் பிறகுதான் தெரியும். ரமணிசந்திரனின் குடும்ப நாவல்கள் மதிய நேரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கை மாறின.

ராஜேஷ்குமார் மட்டுமே 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். இந்த எண்ணிக்கையில் சாதனையும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. இத்தனை நாவல்களையும் ஒன்றுவிடாமல் யார் மறுபதிப்புப் போட முடியும்? வந்த மாதத்தோடு நின்றுபோன கதைகளைப் படிக்க வேண்டுமென்றால், அந்த மாத இதழே கையில் கிடைத்தால்தான் உண்டு.

பையன்களுக்கு இன்னொரு உலகம் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972-ல் வந்த 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் 1962-ல் பிறந்த பாத்திரம் அவர். மின்சாரம் பாய்ந்தால் அந்த இரும்புக்கையைத் தவிர உடம்பு முழுவதும் மறைந்துவிடும். 1984-ல் 'லயன் காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' இரண்டும் களத்தில் இறங்கின. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கிய அதே பையன்கள்தான் இப்போது அட்டை விலையைப்போலப் பல மடங்கு கொடுத்துப் பழைய இதழ்களைத் தேடுகிறார்கள்.

குமரியின் மச்சில் இரண்டு மொழி

கருங்கல் பகுதியின் கட்டுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த தலைமுறை இங்கே உண்டு. அதனால் பாட்டாவின் கட்டைப் பிரித்தால் தமிழோடு மலையாள வார இதழும் சேர்ந்தே வெளிவரலாம்.

அந்தப் பக்கத்து ஜனரஞ்சக எழுத்துக்கும் பெரிய வரலாறு இருக்கிறது. முட்டத்து வர்க்கியின் 'பாடாத பைங்கிளி' நாவல் வாசகர்களை ஆட்டிப்படைத்ததில், அந்த வகைக் காதல் கதைகளுக்கே மலையாளத்தில் 'பைங்கிளி' என்ற பெயர் நிலைத்தது. துப்பறியும் கதைகளில் கோட்டயம் புஷ்பநாத்தின் மர்க்ஸினும் புஷ்பராஜும் கலக்கினார்கள். எல்லையோர வீட்டின் ஒரே கட்டில் விவேக்கும் மர்க்ஸினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், அந்த வீடு எந்தெந்த மொழியில் சிரித்தது, பயந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிரித்து எடைக்குப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

எடைக்குப் போகாமல் காத்தவர்கள்

தூக்கிப்போட வேண்டியதை எடுத்து வைத்தவர்களால்தான் இன்று தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதி கையில் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா' என்பது அவருடைய கடையின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. இலக்கியம், மட்டமான கதை என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், வார இதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது வீட்டில் சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருட்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான்.

புதுக்கோட்டையில் பா.கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி தங்கள் சம்பளப் பணத்தில் வளர்த்த 'ஞானாலயா' இன்னொரு உதாரணம். முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் தேடி ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள்.

மாத நாவல்களின் அருமையை வெளியிலிருந்து வந்த ஒருவரும் கண்டுகொண்டார். அமெரிக்காவில் பிறந்து சென்னையில் வசித்த ராகேஷ் கன்னாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கடையில் தொங்கிய அட்டைகள்தான் அவரை இழுத்தன. உள்ளே என்னதான் இருக்கிறது என்ற ஆவலில் தொடங்கிய தேடல், ப்ரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2008-ல் 'பிளாஃப்ட்' தமிழ் பல்ப் கதைத் தொகுப்பாக வெளிவந்தது. நாம் பஜ்ஜி மடிக்கக் கிழித்த தாளை உலகம் விலை கொடுத்து வாங்கிப் படித்தது.

குமரி மாவட்டக்காரரான எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுத்து 2022-ல் தொடங்கிய 'தமிழ் விக்கி' இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆரணியாருக்கும் வடுவூராருக்கும் கோதைநாயகிக்கும் பதிவுகள் இருக்கின்றன. யார், எப்போது, எந்த இதழில் எழுதினார்கள் என்று உறுதி செய்யப் பழைய இதழ்தான் ஆதாரம். இதழ் இல்லை என்றால் பதிவிலும் ஓட்டைதான்.

எதிரி மழை, அப்புறம் சிதல்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. தென்னைக்கும் ரப்பருக்கும் நல்லது, காகிதத்துக்குக் கெட்டது. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். இங்கே 'சிதல்' என்று சொல்லும் கறையான் சுவர் வழியாக ஏறி வரும். கட்டுக்கு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கினால் உள்ளே வெறும் மண்.

தாளுக்குள்ளேயே ஒரு எதிரியும் இருக்கிறது. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும். தாளில் அமிலம் கூடக் கூட, மடித்தால் அப்பளம்போல் உடையும். அதாவது, யாரும் தொடாவிட்டாலும் இந்த இதழ்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டேதான் இருக்கின்றன. 'அடுத்த லீவில் பார்த்துக்கலாம்' என்பது இங்கே செல்லாது.

சேர்க்க ஆசையா? இப்படித் தொடங்கலாம்

* வீட்டுக் கட்டிலிருந்தே தொடங்குங்கள். பிறகு சொந்தக்காரர் வீடு, மூடப்போகும் வாடகை நூல் நிலையம், ஆக்கர்கடை என்று போகலாம். ஆக்கர்கடைக்காரரிடம் "கதைப் புத்தகம் வந்தா எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லி வைப்பது பலன் தரும்.

* எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. ஒரு எழுத்தாளர், ஒரு இதழ், ஒரு ஓவியர் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டை ஓவியங்களுக்காகவே சேர்ப்பவர்களும் உண்டு.

* ஒவ்வொரு இதழுக்கும் பெயர், மாதம், ஆண்டு, இதழ் எண், கதைத் தலைப்பு, எழுத்தாளர் ஆகியவற்றை ஒரு நோட்டிலோ போனிலோ எழுதுங்கள். பட்டியல் இல்லாத சேகரிப்பு வெறும் குவியல்தான்.

* அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள். ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், பல்பொடி விளம்பரம், வாடகை நூல் நிலையத்தின் முத்திரை எல்லாமே தகவல்தான்.

* கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். லேமினேஷனும் வேண்டாம். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம்.

* ஈரமான இதழை வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல், இரும்பு அலமாரியில் இடைவெளி விட்டுப் படுக்கவையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

* போனில் படம் எடுத்து வைப்பது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் முழு நாவலையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடக் கூடாது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. 1942-ல் மறைந்த வடுவூரார், 1960-ல் மறைந்த கோதைநாயகி போன்றவர்களின் எழுத்துக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. அவற்றைத் தாராளமாகப் பகிரலாம்.

* வைத்துக்கொள்ள இடமில்லையா? எடைக்குப் போடும் முன் ஒரு ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கலாம்.

யார் படித்த கதை?

இவற்றை இலக்கியம் என்று யாரும் அன்று சொல்லவில்லை. சேர்ப்பவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் அடுப்படி வேலை முடிந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு சரளமாகப் படிக்கப் பழகியது பல வீடுகளில் இந்தக் கதைகளால்தான். நைட் பஸ்ஸில் தூங்காமல் வந்தவருக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது பெட்டிக்குள் இரண்டு நாவல் வைத்துக்கொண்டவருக்கும் துணை இவைதான்.

அதனால் மச்சைக் காலி செய்யும் அன்று, கயிற்றை அறுத்து முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே நீல மையில் ஒரு பெயர் இருக்கும். உங்கள் அம்மாவின் பெயராகவோ, இப்போது இல்லாத ஒரு சித்தியின் பெயராகவோ அது இருக்கலாம். அதைப் படித்த பிறகும் தராசில் வைக்க மனசு வந்தால், வையுங்கள்.